வெள்ளவத்தையில் ஐந்து நாள், நாலு கச்சேரி

மட்டக்களப்பில் ‘கச்சேரிக்குப் போகிறேன்’ என்றால் காணி அலுவலாகவோ பென்ஷன் அலுவலாகவோ மாவட்டச் செயலகத்துக்குப் போகிறான் என்றுதான் நினைப்பார்கள். நான் போனது இசைக் கச்சேரிக்கு. ஐந்து நாளில் நாலு, எல்லாமே கொழும்பில், பெரியம்மா வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில். ஆடி மாதம் லீவு கிடைத்தது, இரவு ரயிலில் ஏறி, விடியக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, கரையோர ரயிலைப் பிடித்து வெள்ளவத்தையில் கால் வைத்ததும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது.

கொழும்பு பெரிய நகரம்தான், ஆனால் வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் எனக்குச் சேர்ந்து ஒரே சின்ன ஊர். ராமகிருஷ்ண மிஷன், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம், பம்பலப்பிட்டி லோரன்ஸ் வீதியில் சரஸ்வதி மண்டபம், இடையில் ஒரேயொரு ரயில் ஸ்டேஷன். முதல் நாள் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் மறுநாள் காலி வீதியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்பார். இரண்டாம் முறை கண்டதுமே கதை தொடங்கிவிடும்.

முதலாவது, சரஸ்வதி மண்டபத்தில் ஒரு மிருதங்க அரங்கேற்றம். பெரியம்மாவின் அயல்வீட்டுப் பிள்ளை, பதினைந்து வயது. அரங்கேற்றம் என்றால் பையன் தனியாக வாசித்துக் காட்டுவது என்று நினைக்க வேண்டாம், முழுப் பாட்டுக் கச்சேரிதான். அனுபவமுள்ள பாடகர் நடுவில், ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் இவன். இரண்டரை மணி நேரம் அவருக்குத் துணையாகப் போக வேண்டும், பிறகு தனி ஆவர்த்தனம், பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் வாசிக்கிற பகுதி. முதல் உருப்படியில் கை கொஞ்சம் இறுகியிருந்தது. மூன்றாவதில் பாடகர் அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், அதற்குப் பிறகு மிருதங்கத்தின் வலப் பக்கமான வலந்தலையிலிருந்து நாதம் தெளிவாக வந்தது. குரு மேடை ஓரத்தில் உட்கார்ந்து கையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார், ஒரு தடவைகூட அவனைத் திருத்தவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பார்க்கத்தான் பிடித்திருந்தது.

இரண்டாவது ஆடிவேல். கதிர்காமத்துக்குப் பெருங்கூட்டமாக யாத்திரை போவதைக் கொலராவுக்குப் பயந்து அரசாங்கம் தடுத்தபோது, 1874இல் கொழும்பிலேயே தொடங்கிய விழா என்று பெரியவர்கள் சொல்வார்கள். செட்டியார் தெருவிலிருந்து வேல் புறப்பட்டு இந்தப் பக்கம் வரும். நான் போனது முழுக்க முழுக்க மேளத்துக்காக. மண்டபத்தில் மேளம் கேட்பது வேறு, தெருவில் கேட்பது வேறு. சாமி புறப்படும்போது வாசிக்கிற மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது, நாதஸ்வரமும் தவிலும் மட்டும்தான். கம்பீரநாட்டை ராகத்தில் அதைக் கேட்டபடி கூட்டத்தோடு நடந்தபோது என் கால் என்னைக் கேட்காமலே அதன் வேகத்துக்கு, காலப்பிரமாணத்துக்கு, வந்துவிட்டது. தவில்காரர் விரல்களில் கூடு மாட்டி வலப் பக்கம் அடிக்கிறார், இடக் கையில் கழி, பத்தடி தள்ளி நின்றாலும் நெஞ்சுக்குள் அதிர்கிறது. பக்கத்தில் வந்த, யாழ்ப்பாணத்து அளவெட்டி ஊர் ஐயா ஒருவர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியை நேரில் கேட்டவர். 1975இல் நாற்பத்திரண்டு வயதைத் தொடாமலே போய்விட்ட அந்தத் தவில் மேதையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தி, “கேளும் தம்பி, இப்ப கதைக்கக் கூடாது” என்று மேளத்தைக் காட்டினார். சரியாகத்தான் சொன்னார்.

மூன்றாவது ஒரு மெல்லிசை நிகழ்ச்சி. இடத்தைச் சொல்ல விரும்பவில்லை. நல்ல குரல்கள், நல்ல கீபோர்ட்காரர், ஆனால் ஸ்பீக்கர் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. பாடுகிறவர்கள் மாதக்கணக்கில் பழகிவிட்டு வருகிறார்கள், அவர்கள் குரல் கேட்காமல் போவது எனக்குக் கோபமாகவே இருந்தது. இடைவேளையில் எழுந்து வந்து மெரைன் டிரைவில் வடை சாப்பிட்டேன். அடுத்த நாள் எங்கும் போகவில்லை.

கடைசி நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர். கடற்கரைப் பக்கம் ஒரு சிறிய மண்டபம், நாற்பது பேர் இருந்திருப்போம். முன்வரிசையில் அளவெட்டி ஐயா, என்னைக் கண்டதும் “அண்டைக்கு மேளத்துக்கும் வந்தனீர்தானே, இங்க வாரும்” என்று பக்கத்தில் இடம் விட்டார். அவருக்கு அடுத்த கதிரையில் அரங்கேற்றப் பையன். மேடையில் மிருதங்கம் அவனுடைய குரு. மைக் வைக்கவில்லை. கடற்காற்றின் ஈரத்தில் தோல் இளகிச் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு உருப்படிக்கும் இடையில் அவர் கட்டையும் கல்லும் எடுத்து மெல்லத் தட்டிச் சேர்த்தார், பாடகி அவசரப்படாமல் தம்புராவோடு காத்திருந்தார். பெரிய மண்டபமாக இருந்தால் இதை நாங்கள் பார்த்தே இருக்கமாட்டோம். தோடி ராக ஆலாபனையின் நடுவில் ரயில் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. பாடகி பிடித்த ஸ்வரத்திலேயே நின்றார், வயலினும் அதிலேயே நின்றது, ரயில் சத்தம் தெஹிவளைப் பக்கம் தேய்ந்து முடிந்த பிறகுதான் அடுத்த ஸ்வரத்துக்குப் போனார். யாரும் அசையவில்லை. தனி ஆவர்த்தனத்தில் நாங்கள் எல்லோரும் தாளம் போட்டோம், பையனின் கைதான் எங்கள் எல்லோருக்கும் வழிகாட்டி.

மங்களம் முடிந்து ஆட்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, அவன் மேடைக்கு ஏறிப் போனான். குரு ஒன்றும் சொல்லாமல் மிருதங்கத்தை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் அதை மடியில் வைத்து, தொப்பி என்கிற இடப் பக்கத்தில் அப்பியிருந்த ரவைப் பசையைச் சுரண்டி எடுத்து, தோலை ஈரத்துணியால் துடைத்து, உறையைப் போட்டு நாடாவைக் கட்டினான்.