வயது பிடிபடுவது தாளில்தான்

ஒலிம்பிக் நடக்கும் வாரங்களில் கிழக்கிலங்கையில் களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ எந்த வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "இந்தப் பிள்ளைக்குப் பதினாறாம். பார்த்தா பத்தெண்டும் சொல்ல ஏலா." சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் முகத்தையும் உயரத்தையும் பார்த்து ஒரு முறைப்பாடும் தீர்ந்ததில்லை. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் வயது மோசடியைக் காட்டிக்கொடுத்தவை ஒன்றோடொன்று ஒவ்வாத தாள்கள், சிலவேளை வருடங்கள் கழித்து அந்தப் பிள்ளையே திறந்த வாய்.

முதலில் விதி. 1981க்கு முன்னர் போட்டியில் இறங்க ஆகக் குறைந்த வயது 14. 1976இல் மொன்ட்ரியலில் நாடியா கொமனேச்சி 10 புள்ளி எடுத்தபோது அவருக்கு 14 வயது. அன்றைய விதிப்படி அதில் பிழையில்லை. 1981இல் 15 ஆக்கினார்கள், 1997இல் 16. எண்ணும் முறையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். போட்டி நாளன்று 16 நிறைந்திருக்க வேண்டியதில்லை, அந்த வருடம் டிசம்பர் 31க்குள் நிறைந்தால் போதும். 2008 டிசம்பர் 31இல் பிறந்த பிள்ளை 15 வயதும் ஏழு மாதமுமாக 2024 பாரிஸுக்குப் போகலாம். மறுநாள், 2009 ஜனவரி 1இல் பிறந்தவளுக்கு அடுத்த வாய்ப்பு 2028இல்தான், 19 வயதில். ஒரு இரவு வித்தியாசம் நான்கு வருடமாகிறது. டோக்கியோ 2020 ஒரு வருடம் பின்போனபோது 2005இல் பிறந்தவர்களுக்கும் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் வழிவிட்டது. அப்படி உள்ளே வந்தவர்களில் ஒருவரான ரஷ்யாவின் விக்டோரியா லிஸ்துனோவா, அணித் தங்கத்தோடு திரும்பினார். திட்டமிட்டபடி 2020இலேயே போட்டி நடந்திருந்தால் அவரால் களத்தில் இறங்கியிருக்க முடியாது.

வயதைக் கூட்டிச் சொல்ல ஏன் ஆசை வருகிறது? கணக்கைப் பார்த்தால் புரியும். உடலின் வடிவம் மாறாமல் உயரம் மட்டும் 10 சதவீதம் கூடினால் எடை ஏறக்குறைய 33 சதவீதம் ஏறும். தசையின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது என்பதால் 21 சதவீதம்தான் ஏறும். காற்றில் உடலைச் சுழற்றுவதற்கான தடை 61 சதவீதம் ஏறிவிடும். 13 வயதில் இலகுவாக வந்த இரட்டைச் சுழற்சி 16இல் கனப்பதற்குக் காரணம் சோம்பலும் அல்ல, பயமும் அல்ல. உயரம் வேறுபட்ட இரு கம்பிகளில் மேற்கம்பி தரையிலிருந்து 250 சென்டிமீட்டர், கீழ்க்கம்பி 170. கால் நீண்ட பிள்ளை மேற்கம்பியில் வீசும்போது கீழ்க்கம்பியில் இடிபடாமல் இடுப்பை மடித்தாக வேண்டும், வேகம் அங்கே போகிறது. பிள்ளைகள் மேலே ஏறி நின்று செய்யும் சமநிலைச் சட்டத்தின் அகலம் 10 சென்டிமீட்டர்தான். இடுப்பு அகலும் வருடத்தில் அதன்மேல் பழைய சமநிலையைத் திரும்பப் பழக வேண்டியிருக்கும்.

வயதெல்லை வைத்ததும் அந்த உடலைக் காக்கத்தான். மணிக்கட்டில் ஆரை எலும்பின் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு மூடாத வயதில், கைகளால் தரையில் குதித்துக் குதித்து அது நசிகிறது. கீழ் முதுகெலும்பில் வெடிப்பும் வரும். எல்லை 16 என்றாலும் பயிற்சி ஆறு ஏழு வயதிலேயே தொடங்கிவிடுவதால் இந்த விதி பாதி வேலையைத்தான் செய்கிறது என்பது என் எண்ணம். ஆனாலும் அந்தப் பாதி தேவை. 2008 பெய்ஜிங்கில் 33 வயதில் வெள்ளி வென்ற ஒக்சானா சுசோவிதினாவும், 2024இல் 27 வயதில் தங்கம் வென்ற சிமோன் பைல்ஸும் இது குழந்தைகளின் விளையாட்டு அல்ல என்று காட்டியிருக்கிறார்கள்.

இனி பிடிபட்ட கதைகள். வடகொரியாவின் கிம் குவாங்-சுக் 1991இல் இரு கம்பிகளில் உலகத் தங்கம் வென்றவர். அவருடைய நாடு மூன்று வருடம் தொடர்ச்சியாக அவருக்கு 15 வயது என்றே பெயர் கொடுத்திருந்தது. அதற்காக 1993 உலகப் போட்டியில் வடகொரியாவுக்குத் தடை வந்தது. அதே நாட்டின் ஹோங் சு-ஜோங்குக்கு வெவ்வேறு போட்டிகளில் 1985, 1986, 1989 என மூன்று பிறந்த வருடங்கள். 2010இல் விழுந்த தடையால் அந்த நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் அணி லண்டன் ஒலிம்பிக்கையும் இழந்தது. இரண்டு தடவையும் வைத்தியர் தேவைப்படவில்லை. பழைய பெயர்ப் பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதுமாயிருந்தது.

சீனாவின் டோங் ஃபாங்சியாவ் கதைதான் முழுதாகப் படிக்க வேண்டியது. சிட்னி 2000இல் அவருக்குக் கொடுக்கப்பட்ட பிறந்த திகதி 1983 ஜனவரி 20. எட்டு வருடம் கழித்து பெய்ஜிங்கில் அவர் போட்டி அலுவலராக வேலை செய்தபோது அனுமதி அட்டைக்குக் கொடுத்த திகதி 1986 ஜனவரி 23. இரண்டாவது உண்மையென்றால் சிட்னியில் அவருக்கு 14. வலைப்பதிவில் தான் எருது வருடத்தில் பிறந்ததாகவும் எழுதியிருந்தார். சீன நாட்காட்டியில் 1986 ஜனவரி அந்த வருடத்துக்குள்தான் விழுகிறது. 2010 பெப்ரவரியில் சம்மேளனம் அவருடைய பெறுபேறுகளை இரத்துச் செய்தது, ஏப்ரலில் சர்வதேச ஒலிம்பிக் குழு சீன அணியின் வெண்கலத்தைப் பறித்து அமெரிக்காவுக்குக் கொடுத்தது. 1999 உலகப் போட்டியின் அணி வெண்கலமும் போனது. வயதில் ஒரு சிக்கலும் இல்லாத லியு சுவானும் அணிப் பதக்கத்தை இழந்தார், சமநிலைச் சட்டத்தில் வென்ற தங்கம் முதலான தனிப் பதக்கங்கள் மட்டும் மிஞ்சின. அதே அணியின் யாங் யுன், சிட்னியில் தனக்கு 14 என்று தொலைக்காட்சியில் சொல்லியிருந்தும் எச்சரிக்கையோடு தப்பினார், ஏனென்றால் அவருக்கு எதிராக இரண்டாவது தாள் கிடைக்கவில்லை. 2008இல் இன்னொரு சீன வீராங்கனையான ஹே கெக்சின் மீது எழுந்த சந்தேகமும் கடவுச்சீட்டு, அடையாள அட்டை, குடும்பப் பதிவு எல்லாம் ஒரே திகதியைச் சொன்னதால் முடித்துவைக்கப்பட்டது. ருமேனியாவில் தாளை மாற்றியதே அரசு. 1972இல் பிறந்த டானியேலா சிலிவாஷுக்கு 1970 என்று எழுதி, 1985 உலகப் போட்டியில் 13 வயதில் இறக்கினார்கள். அது வெளியே வர 2002 ஆனது.

எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. 14 வயதுப் பிள்ளை தன் கடவுச்சீட்டைத் தானே எழுதுவதில்லை. எழுதியவர் பெயர் தீர்ப்பில் வருவதுமில்லை, பெறுபேறு அழிவது பிள்ளையின் பெயரில்.

"கையை எக்ஸ்ரே எடுத்தால் தெரியாதா?" என்று கேட்பவர்கள் அதிகம். இடது கை மணிக்கட்டின் படத்தை அட்டவணையோடு ஒப்பிட்டு எலும்பு வயது சொல்லலாம். ஆனால் ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள்ளேயே அது இரண்டு வருடம் முன்பின்னாகும். கடும் பயிற்சி செய்யும் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்குப் பூப்பும் எலும்பு முதிர்ச்சியும் பிந்துவது வழக்கம், அதனால் உண்மையாகவே 16 வயதானவள் படத்தில் 14 ஆகத் தெரிவாள். உதைபந்தாட்டத்தில் 17 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு எம்ஆர்ஐ வைத்துப் பார்க்கிறார்கள். அங்கே வயது கூடியவரைத்தான் பிடிக்க வேண்டும், ஆரை எலும்பு முற்றாக மூடியிருந்தால் பெரும்பாலும் 17ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். இங்கே பிடிக்க வேண்டியது வயது குறைந்தவளை. எலும்பு மூடவில்லை என்பது அவள் சிறுமி என்பதற்குச் சாட்சியாகாது.

ஆகவே மிஞ்சுவது தாள்தான். நமது மாவட்டங்களில் பிரச்சினை பெரும்பாலும் மறுபக்கம்: வயதைக் குறைத்துக் காட்டி 14 வயதுக்குட்பட்ட பிரிவில் ஓடவிடுவது. அதைவிடவும் அதிகம், மோசடியே இல்லாமல் எழுத்துப் பிழையால் பிள்ளை வெளியே நிற்பது. போரிலும் 2004 கடற்கோளிலும் ஆவணம் தொலைத்த குடும்பங்கள் வாகரை முதல் திருக்கோவில் வரை உண்டு.

பெயர் அனுப்பும் ஆசிரியர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது பிறந்த திகதி அல்ல, பதிவு செய்த திகதி. பிறந்து 42 நாளுக்குள் பதிவு செய்வது வழமை. மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவு. அது குற்றமல்ல, ஆனால் துணைச் சாட்சி கேட்க வேண்டிய பத்திரம். நல்ல சாட்சி, குடும்ப நல உத்தியோகத்தர் கொடுக்கும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு. பிசிஜி ஊசி வைத்தியசாலையை விட்டுப் போகுமுன்னே போடப்படுவதால் அந்தத் திகதி பிறந்த நாளை ஒட்டியே இருக்கும். அடுத்தது முதலாம் தர அனுமதிப் பதிவேடு. ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், 2016இல் முதன்முறை சேர்ந்த பிள்ளை சாதாரணமாக 2010 பெப்ரவரிக்கும் 2011 ஜனவரிக்கும் இடையில் பிறந்திருக்கும்.

அடையாள அட்டை எடுத்த பிள்ளையென்றால் 12 இலக்க எண்ணே பேசும். முதல் நான்கு பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. 2009 மார்ச் 1இல் பிறந்த பெண்ணுக்கு 2009561 என்று தொடங்க வேண்டும். சாதாரண நாட்காட்டியில் எண்ணிவிட்டு 560 வருகிறதே, அட்டை பிழை என்று சண்டை பிடிக்க வேண்டாம்.

அதிகம் நடக்கும் பிழை 2009.08.03 என்பதை 2009.03.08 என்று விண்ணப்பத்தில் எழுதுவது. அடுத்து கையெழுத்தில் 1ம் 7ம் மாறுவது. திருத்தம் வேண்டுமென்றால் வரிசை முக்கியம்: முதலில் பிறப்புப் பதிவு, பிறகு பாடசாலைப் பதிவேடு, பிறகு அடையாள அட்டை, கடைசியில் கடவுச்சீட்டு. இடையில் ஒன்றை மட்டும் மாற்றினால், ஒரே பிள்ளைக்கு இரண்டு திகதி காட்டும் தாள்களை நாமே உண்டாக்கியவர்களாவோம். திருத்தம் கிடைக்க மாதங்கள் எடுக்கும், வலயப் போட்டிக்குப் பெயர் கேட்கும் வாரத்தில் தொடங்கினால் அந்த வருடம் கைக்கு வராது. பிள்ளை ஆறாம் தரத்துக்கு வரும்போதே எல்லாத் தாளையும் ஒரே மேசையில் விரித்து ஒப்பிட்டு வைத்தால், 14 வயதுப் பிரிவுக்குள் நுழைய முன் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்.