சந்தாவும் சம்பளச் சிட்டையும்

ஆசிரியர் சங்கத்துக்குக் கட்டாயச் சந்தா வேணுமோ எண்டு ஒரு கதை அடிபடுது. எங்கட இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை சங்கம் அமைக்கவும் சேரவும் உள்ள சுதந்திரத்தைத்தான் சொல்லுது. அமெரிக்காவில பல மாநிலங்களில உறுப்பினர் அல்லாத அரச ஆசிரியரிட்டயும் பங்குக் கட்டணம், அதாவது சங்கம் அவைக்காகவும் பேசுற செலவில ஒரு பங்கு, அறவிட்டவை. 2018இல் ஜேனஸ் வழக்கில உயர் நீதிமன்றம் 5க்கு 4 எண்டு அதை நிப்பாட்டிப்போட்டுது.

இங்க சம்பளப் பிரச்சினைக்காக ஆசிரியர் சங்கங்கள் 2021 ஜூலையில தொடங்கின இணையவழிக் கற்பித்தல் புறக்கணிப்பு ஒக்டோபர் வரை நீண்டது. பிறகு வந்த சம்பள உயர்வு சந்தா கட்டாதவைக்கும் கிடைச்சது. நியாயமில்லைத்தான். ஆனால் சங்கத்துக்குக் காசு தானா வந்து விழுந்தால், வன்னியில துணுக்காயிலயும் மடுவிலயும் இருக்கிற கஷ்டப் பிரதேசப் பாடசாலையைச் சங்கக்காரர் ஆர் எட்டிப் பாப்பினம்?

சேருறவைக்கு: சம்பளத்தில கழிக்க, நீங்கள் கையெழுத்திட்ட சம்மதம் வலயக் கல்வி அலுவலகக் கணக்குப் பிரிவுக்குப் போகவேணும். வலயம் மாறினால் அடுத்த மாதச் சிட்டையைப் பாருங்கோ. இடமாற்றத்தோட கழிவு விடுபட்டுப் போனால் நிலுவை சேரும், பிரச்சினை வந்து சங்கத்தைத் தேடேக்கதான் தெரியும். விலகுறதெண்டால் செயலாளருக்கு எழுதி, பிரதியைக் கணக்காளருக்கும் குடுங்கோ. சங்கத்துக்கு வாயால சொன்னால் கழிவு நிக்காது. திகதி முத்திரை குத்தின பிரதியொண்டை வாங்கி வையுங்கோ.