பூஜ்யம் வாங்கிய சரியான விடை

18 ஆண்டுகள் கரும்பலகையில் கணக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் ஆன்லைன் தேர்வுப் படிவம் ஒன்றை முதன்முதலாக உருவாக்கினேன். கேள்விகளைத் தட்டச்சு செய்வது, மதிப்பெண் குறிப்பது, லிங்க் அனுப்புவது எல்லாம் இரண்டு மாலைகளில் கைக்குப் பழகிவிட்டன.

முதல் தேர்வின் முடிவில், நன்றாகக் கணக்குப் போடும் ஒரு மாணவிக்கு ஒரு கேள்வியில் பூஜ்யம். அவள் எழுதிய விடை 1/2. விடைக்குறிப்பில் நான் கொடுத்திருந்தது 0.5. படிவம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும்; இரண்டும் ஒரே எண் என்பது அதற்குத் தெரியாது. “நான் போட்டது தப்பா டீச்சர்?” என்று அவள் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. விடைத்தாளாக இருந்திருந்தால் என் கை தானாகவே சரி போட்டிருக்கும். அன்றே மதிப்பெண்ணைத் திருத்தி, 1/2, 0.5, .5, 0.50 என்று ஏற்கக்கூடிய வடிவங்களை எல்லாம் சேர்த்தேன். கருவி ‘தவறு’ என்று ஒதுக்கிய ஒவ்வொரு விடையையும் நானே படித்துப் பார்க்காமல் அதன்பின் எந்த முடிவையும் வெளியிட்டதில்லை.

அப்படிப் படித்ததில்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. 1/2 + 1/3 என்ற கேள்விக்கு 2/5 என்று எழுதியவர்கள் ஒருவர் இருவர் அல்ல. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டார்கள். தாளிலும் இதே பிழை வரும். ஆனால் விடைத்தாள் கட்டுக்குள் சிதறிக் கிடக்கும், திருத்தித் திருத்திக் கடந்துபோவேன். ஒரே திரையில் வரிசையாகப் பார்த்தபோது, “புரிஞ்சுதா?” என்று நான் கேட்டதும் தலையாட்டிய முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அதுவரை கொள்குறி வினாவில் தவறான விடைகளுக்கு ஏதோ ஓர் எண்ணைப் போட்டு நிரப்புவேன். இப்போது ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குழந்தையின் யோசனை இருக்கும்படி எழுதுகிறேன். 2/5 என்றால் மேலும் கீழும் கூட்டியது. 2/6 என்றால் பொதுப் பகுதியைக் கண்டுபிடித்தும் தொகுதிகளை மாற்ற மறந்தது. மறுநாள் யாரிடம் எதைப் பேச வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது. 2/5 எழுதியவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: “அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையைவிடக் குறையுமா?” 2/5 என்பது 0.4 என்று அவர்களே வகுத்துப் பார்த்தார்கள். பத்து முறை விதியைச் சொன்னாலும் வராத தெளிவு அந்த வகுத்தலில் வந்தது.

பிறகு ஜியோஜீப்ரா கற்றேன். 2001இல் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய மென்பொருள். வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒரே திரையில் இணைப்பதுதான் அதன் அடிப்படை. புள்ளியை இழுத்தால் படத்தோடு எண்களும் நகரும். முக்கோணத்தின் ஓர் உச்சியை இழுத்து, கோணங்கள் மாறினாலும் கூடுதல் 180 பாகையாகவே இருப்பதைக் காட்ட நினைத்தேன். எளிதாக இருக்கட்டும் என்று கோணங்களை முழு எண்ணில் காட்டும்படி அமைத்திருந்தேன். ஓரிடத்தில் 60, 60, 59 என்று வந்து நின்றது.

“179 தானே வருது டீச்சர்? ஒரு டிகிரி எங்க போச்சு?”

விடையை நான் சொல்லவில்லை. வகுப்பு சலசலத்தது. கடைசி வரிசையிலிருந்து ஒருவன், அதிகம் பேசாதவன், “புள்ளிக்கு அப்புறம் ஒளிஞ்சிருக்கும்” என்றான். தசம இடங்களைக் கூட்டினேன்: 60.4, 60.4, 59.2. எல்லோரும் கூட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவன் மட்டும் விடவில்லை. “வேற முக்கோணத்துல அதுக்கும் அப்புறம் ஒளிஞ்சிருந்தா? எத்தனை இடம் பார்க்கறது?”

எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. எத்தனை இடம் பார்த்தாலும் தீராத அந்தக் கேள்விக்கு, அளக்காமலே எந்த முக்கோணத்துக்கும் 180தான் என்று காட்டும் நிரூபணம் வேண்டும். திரையை அப்படியே விட்டுவிட்டுச் சுண்ணக்கட்டியை எடுத்தேன். கரும்பலகையில் ஒரு முக்கோணம் போட்டு, அதன் உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரையச் சொல்லி அவனை முன்னால் கூப்பிட்டேன்.