எலெக்ட்ரிக் சூப்பர்சார்ஜர் போட்டால் ஏற்காடு ஏறுமா வண்டி?

சேலம் கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை சும்மா பறக்கும் 1.2 லிட்டர் பெட்ரோல் கார், ஐந்து பேரையும் ஏசியையும் சுமந்துகொண்டு இரண்டாவது கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் மூச்சு வாங்கும். இன்னும் 18 வளைவு பாக்கி. "ஆன்லைன்ல எலெக்ட்ரிக் சூப்பர்சார்ஜர் கிடைக்குதாம், ஏர் ஃபில்டர் பைப்புல மாட்டினா போதுமாம்" என்ற பேச்சு அங்கேதான் கிளம்பும். சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி. எலெக்ட்ரிக் என்றால் அதை மோட்டார் சுற்றும்.

விற்கிறவரிடம் எத்தனை குதிரைசக்தி கூடும் என்று கேட்காதீர்கள். மோட்டார் எத்தனை வாட், எவ்வளவு அழுத்தம் தரும் என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அது சூப்பர்சார்ஜர் அல்ல, ஃபேன்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்றழுத்தம் கீழே ஏறக்குறைய 980 மில்லிபார், மேலே 845. மேலே குளிர்ச்சி என்பதால் காற்றின் அடர்த்தி அந்த அளவுக்குக் குறையாது. 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் இழப்பு 11 சதவீதம் அளவில் நிற்கும். டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத இன்ஜினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு இறங்கும்.

அந்த 135 மில்லிபாரைத் திருப்பிக் கொடுக்கும் திறன் ஒரு கருவிக்கு இருக்கிறதா என்று பார்க்க லேப் வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் ட்யூப் போதும். மூன்று மீட்டருக்குக் குறையாத ட்யூபை 'யு' வடிவில் சுவரில் கட்டி, பாதி அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஃபேனில் காற்று வெளியேறும் வாயை மூடி, மூடியில் சிறு துளை போட்டு ட்யூபின் ஒரு முனையைச் செருகுங்கள். இப்போது ஃபேனை ஓடவிட்டால் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அழுத்தம். 1 சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 1 மில்லிபார். 70 சென்டிமீட்டர் என்றால் 1 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்லும் அதே அளவு). ஏற்காட்டுக் குறையை நிரப்ப ஏறக்குறைய 1.4 மீட்டர் தூக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஃபேன் மாதிரி இறக்கை வைத்த சரக்கு சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். அதுவும் வாயை மூடி வைத்த நிலையில்! காற்று ஓடத் தொடங்கினால் அதுவும் இருக்காது.

சரி, நிஜமாகவே அழுத்தம் தர எவ்வளவு மின்சாரம் வேண்டும்? நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழுக் கொள்ளளவை இழுக்கும். 1.2 லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 60 லிட்டர். நிரம்பும் திறனை 85 சதவீதம் என்று வைத்தால் 51 லிட்டர். இதை 5 பிஎஸ்ஐ, அதாவது 0.35 பார் கூடுதலாக அழுத்த, நல்ல கம்ப்ரஸருக்கே மோட்டாரில் 3.5 கிலோவாட் போகும். 12 வோல்ட்டில் அது சுமார் 290 ஆம்பியர். சின்ன காரின் ஆல்டர்நேட்டர் (இன்ஜின் பெல்ட்டில் சுற்றி மின்சாரம் தரும் கருவி) தருவது 70 முதல் 90 ஆம்பியர். ஹெட்லைட், ஏசி ஃபேன், பெட்ரோல் பம்ப் எல்லாம் அதிலிருந்துதான். மிச்சத்தை 35 ஏஎச் பேட்டரி கொடுக்க வேண்டும் என்றால், வளைவு முழுக்க செல்ஃப் அடித்துக்கொண்டே போவதற்குச் சமம்.

அதற்காக இந்த யோசனையே பொய் என்று சொல்லிவிட முடியாது. 2016-இல் வந்த ஆடி எஸ்க்யூ7 டீசலில் இதே கருவி இருக்கிறது: 7 கிலோவாட், 48 வோல்ட் தனி மின்சுற்று, கால் நொடிக்குள் 70,000 சுற்று வரை. அங்கேகூட அதன் வேலை இரண்டு டர்போக்களும் விழித்துக்கொள்ளும் வரை சில நொடி காற்றை ஊதுவதுதான். முழு வேகத்தில் சுமையைத் தூக்குவது டர்போதான்.

மலையில் நாம் 3,000 ஆர்பிஎம் பக்கம்தானே ஓட்டுகிறோம்? அங்கே கணக்கு கொஞ்சம் இளகும். ஏற்காட்டுக் குறையை மட்டும் நிரப்ப சுமார் 700 வாட், அதாவது 55–60 ஆம்பியர் போதும். ஆல்டர்நேட்டர் இழப்பையும் சேர்த்தால் பெல்ட்டில் 1.1 கிலோவாட் கொடுத்து, வீலில் 3 கிலோவாட் போல வாங்கலாம். காகிதத்தில் லாபம்தான்.

வண்டியில் மாட்டும்போதுதான் தலைவலி. கம்ப்ரஸர் ஓடாத நேரத்தில் இன்ஜின் மூச்சுவிட, ஒருவழி ஃபிளாப் வைத்த பைபாஸ் பைப் வேண்டும். இல்லையென்றால் நின்றுபோன இறக்கையே அடைப்பு. இன்டேக் பைப்பில் இணைந்திருக்கும் கிராங்க்கேஸ் (இன்ஜினின் ஆயில் இருக்கும் அடிப்பகுதி) பிரீதர் ட்யூபை ஃபில்டர் பக்கம் மாற்ற வேண்டும். மறந்தால் அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளிவிடும். 25 சதுர மில்லிமீட்டர் கேபிள், பேட்டரியை ஒட்டியே 100 ஆம்பியர் ஃபியூஸ். 0.35 பார் ஆசைப்பட்டால் சூடு வேறு: சித்திரை வெயிலில் 40 டிகிரியில் உள்ளே போகும் காற்று 80-ஐத் தாண்டி வெளியே வரும். அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாவிட்டால் 35 சதவீத அழுத்தத்துக்குக் கிடைப்பது 19 சதவீதக் காற்றுதான். இப்போதைய பெட்ரோல் இன்ஜின்களில் கம்ப்ரஷன் விகிதம் 11, 12 என்று ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது. அந்தச் சூட்டில் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம்) வரும், ஈசியு என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், ஏறின சக்தி அப்படியே இறங்கும். பிடிவாதமாக மிதித்தால் பிஸ்டன் போகும். வாரண்டியும் இன்சூரன்ஸ் கிளெய்மும் என்ன ஆகும் என்பது தனிக் கதை.

ஏற்கெனவே வாங்கி மாட்டிவிட்டவர்கள் ஓபிடி டாங்கிளில் (காரின் சாக்கெட்டில் செருகி இன்ஜின் அளவுகளைப் படிக்கும் கருவி) மேனிஃபோல்டு பிரஷரை, அதாவது இன்ஜினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தத்தைப் பாருங்கள். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், வெளிக்காற்றின் அழுத்தம் தெரியும்: சேலத்தில் 98 கிலோபாஸ்கல் (980 மில்லிபார்) பக்கம், ஏற்காட்டில் 84–85. பிறகு காலியான நேர் ரோட்டில் இரண்டாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லுங்கள். சாவி ஆன் அளவை அது தாண்டவே இல்லையென்றால் பூஸ்ட் (கூடுதல் அழுத்தம்) இல்லை. ஃபேனைக் கழற்றினால் 5,000 ஆர்பிஎம்மில் எண் கூடுகிறதா? அப்படியானால் காசு கொடுத்து அடைப்பு வாங்கியிருக்கிறீர்கள். பிளாஸ்டிக் இறக்கை ஃபில்டருக்குப் பின்னால் இருந்தால் இன்றே கழற்றுங்கள். உடைந்தால் துண்டுகள் நேராக திராட்டில் வழியாக இன்ஜினுக்குத்தான்.

ஏசி கம்ப்ரஸர் மட்டுமே இன்ஜினிலிருந்து 2 முதல் 3 கிலோவாட் வரை இழுக்கும். மேலே கணக்குப் போட்ட லாபமும் அவ்வளவுதான். அடிவாரத்தில் ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்து 2,500-க்குக் கீழே விடாமல் ஓட்டினால் அந்த 3 கிலோவாட் இலவசம். தூசு பறக்கும் மேக்னசைட் சுரங்கப் பக்கம் ஓடும் வண்டியென்றால் ஏர் ஃபில்டரையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.