கிளி கேட்ட தங்கை

மகள் இரண்டு நாளாக ஒரு மாயக்கதை நாவலும் கையுமாக இருக்கிறாள். தோழியைக் காப்பதா, ராணிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதா என்று நாயகி தவிக்கும் இடத்தில் பக்கத்தை மடித்துவிட்டு, "நீங்களா இருந்தா என்னங்ப்பா பண்ணுவீங்க?" என்றாள்.

எனக்குக் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதைதான் ஞாபகம் வந்தது. காங்கேயத்தில் அம்மாயி மடியில் படுத்தபடி, உடுக்கைச் சத்தத்தோடு கேட்டது. தங்கை தங்காள் ஆசைப்பட்ட கிளிக்காக அண்ணன்கள் பொன்னரும் சங்கரும் வேட்டுவர் காட்டுக்குள் போனார்கள். தங்கை மேல் பாசம், சரி. அந்தக் காடு யாருடையது? சின்ன வயதில் கேட்கத் தோன்றவில்லை. அண்ணன்மாரின் கூடவே நின்ற பணியாள் சாம்புவனை நினைத்தால் இன்னும் தொண்டை அடைக்கிறது. அவன் விசுவாசத்தைக் கேட்டுக் கேட்டு அழுதிருக்கிறோம். அவனுக்கென்று என்ன ஆசை இருந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"சாம்புவன் கதையை முழுசாச் சொல்லுங்ப்பா" என்று தோளில் சாய்ந்தாள். நாவல் மடித்த பக்கத்திலேயே கிடக்கிறது.