வீட்டை எண்ணுவதா, மரத்தை எண்ணுவதா?

தொற்றுநோயியல் படிப்பில் பாதி வகுத்தல் கணக்குதான். மீதிப் பாதி, எதால் வகுப்பது என்று சண்டை போடுவது. சென்னை கிண்டியில் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நான் படிப்பது இதைத்தான். ஊரில் கேட்பவர்களுக்கு "பொதுச் சுகாதாரம்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதற்கே "சாக்கடை வேலையா?" என்று கேட்கிறார்கள். அதுவும் உண்டு.

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் பெரியம்மா வீடு. விடுமுறைக்குப் போனால் காப்பி வருவதற்கு முன்பே கேள்வி வந்துவிடும்: "இந்த மண்ணால்தானே எங்களுக்கு இவ்வளவு புற்றுநோய்? நீ படிக்கிறாயே, சொல்." அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, மோனசைட்டில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது, இயற்கைக் கதிர்வீச்சும் மற்ற இடங்களைவிட அதிகம். இதில் சந்தேகமே இல்லை. ஆனால் தெருவில் ஐந்து பேருக்கு வந்தது என்றால், அது கோட்டுக்கு மேலே எழுதும் எண். கீழே எழுதுவது எங்கே? தெருவில் எத்தனை பேர், என்ன வயது, எத்தனை ஆண்டு அங்கேயே இருந்தார்கள்? கொல்லம் பக்கம் கருநாகப்பள்ளியிலும் இதே மணல்தான். அங்கே 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2009-இல் ஆய்வை வெளியிட்டார்கள். கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றுநோயும் கூடியதாக அதில் தெரியவில்லை. பெரியம்மாவிடம் சொன்னேன். "அது கேரளாக்காரன் கணக்கு" என்று முடித்துவிட்டார். ஓரிடத்து ஆய்வு முடிவை இன்னோர் இடத்து மக்களுக்குப் பொருத்தலாமா என்பது எங்கள் தேர்விலேயே வரும் கேள்வி என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

நான் எழுத வந்தது கொசுவைப் பற்றி.

டெங்குக் கண்காணிப்பில் அடிக்கடி அடிபடும் குறியீடுகள் இரண்டு. நூறு வீடுகளைச் சோதித்தால் எத்தனை வீட்டில் கொசுப்புழு என்பது வீட்டுக் குறியீடு, 1923-இல் வந்தது. நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரங்களில் புழு என்பது பிரெட்டோ குறியீடு, 1954-இல் வந்தது. இரண்டுமே மஞ்சள் காய்ச்சலைத் துரத்திய காலத்தில் பிறந்தவை. அந்தக் காய்ச்சலைப் பரப்பிய ஏடிஸ் எஜிப்டி, மனிதன் வீட்டிலேயே குடியிருக்கும் கொசு. எனவே வீட்டை எண்ணினார்கள். சென்னைக்கு இது கச்சிதம். தண்ணீர் டிரம், பிரிட்ஜின் பின்தட்டு, மொட்டை மாடி டயர் என்று களப்பயிற்சியில் டார்ச் அடித்துப் பார்த்தால் அகப்பட்டுவிடும்.

எங்கள் வீடு அதே மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். வீடு ஒன்று, சுற்றிலும் ரப்பர். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வருவார்கள், தொட்டியைப் பார்ப்பார்கள், அபேட் மருந்தை ஊற்றுவார்கள், அட்டையில் கையெழுத்திட்டுப் போவார்கள். அவர்கள்மேல் குறை இல்லை, கொடுத்த படிவத்தை ஒழுங்காக நிரப்புகிறார்கள். படிவப்படி எங்கள் வீடு சுத்தம்.

மழை விட்ட சில நாள் கழித்துத் தோட்டத்தில் இறங்கி, மரத்துக் கம்பியிலிருந்து ஒரு சிரட்டையை, அதாவது ரப்பர் பால் வடியும் கிண்ணத்தை, எடுத்துப் பாருங்கள். (இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது, எங்கள் வீட்டில் அதுவும் சிரட்டைதான்.) அடியில் காய்ந்த ஒட்டுப்பால், அதன்மேல் கட்டன் சாயா நிறத்தில் தண்ணீர். கை நிழல் பட்டதும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடும். அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக மேலே வந்து, வால்நுனிக் குழாயை நீர்ப்பரப்பில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும். பெரும்பாலும் ஏடிஸ் அல்போபிக்டஸ். வளர்ந்த கொசுவுக்கு முதுகின் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அது வீட்டைவிடத் தோப்பையும் புதரையும் விரும்பும், பகலில் கடிக்கும், டெங்குவையும் பரப்பும். 2007-இல் கேரளத்து ரப்பர் நாட்டில் சிக்குன்குனியாவைப் பரப்பியதில் இதற்குத்தான் முதல் பங்கு.

வெட்டு, அதாவது பாலுக்காகப் பட்டையைச் சீவுவது, நடக்கும் தோட்டத்தில் பயம் குறைவு. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆள் வருகிறார், சிரட்டை காலியாகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரமாவது வேண்டும். வெட்டு நின்றால்தான் வினை. எங்களுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டிலும் வெட்டு நிற்கும். அதைவிட மோசம், ரப்பர் விலை இறங்கிக் கூலிக்கே கட்டாமல் போகும் காலம். தோட்டத்தை அப்படியே போட்டுவிடுவார்கள், சிரட்டைகள் மரத்திலேயே வாய் திறந்து நிற்கும். ஆக, ரப்பர் விலைக்கும் டெங்குக் காய்ச்சலுக்கும் உறவு இருக்க வாய்ப்புண்டு. எந்தப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

தீர்வு எளிது, சிரட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழையில் பொரிக்கும். அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மக்களே, வெட்டுகிறவனுக்கு மரக்கணக்கில் கூலி. கவிழ்க்கிறதுக்கு யார் கூலி கொடுப்பது?" என்றார். பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆய்வுக்கு இதையே எடுத்திருக்கிறேன். நூறு வீட்டுக்குப் பதில் நூறு மரம். வெட்டு நடக்கும் தோட்டம் ஒரு பக்கம், நிறுத்திய தோட்டம் மறுபக்கம். பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி, எல்லா மரத்தையும் பார்க்க முடியாதே, எப்படித் தேர்ந்தெடுப்பாய் என்பது. அதில் ரப்பர் ஒரு சொர்க்கம். வரிசையாக நட்டிருப்பார்கள், குலுக்கல் முறையில் ஒரு மரத்தில் தொடங்கி, பத்துக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டே போகலாம். சிக்கல் வேறு இடத்தில். எந்தத் தோட்டத்தில் எப்போது வெட்டு நின்றது என்ற பட்டியலுக்கு எங்கே போவது?

ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்காரரிடம் அது இருக்கிறது. யாருடைய ஷீட் எந்த மாதம் வரவில்லை என்று அவருடைய நோட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும். விற்றவர்களின் சம்மதம் வாங்கி வந்தால், ஓணத்துக்கு முன் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.