பயான் குகைக்குள் நாலு பேர்

ராக்னராக் ஆன்லைன் என்ற கணினி விளையாட்டில் பயான் என்று ஓர் ஊர் உண்டு. அதற்கு நடந்துதான் போக வேண்டும் என்பது என் கட்சி. தலைநகர் ப்ரான்டெராவில் நிற்கும், ஆட்களை ஊர் விட்டு ஊர் அனுப்பும் காஃப்ரா பெண்ணிடம் காசு கொடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் கொண்டுபோய் விட்டுவிடுவாள்தான். ஆனால் தெற்கு வாசல் வழியாக இறங்கி, போரிங் என்ற ஜெல்லி உருண்டைகள் குதித்துத் திரியும் புல்வெளியைத் தாண்டி, தென்கிழக்கே காட்டுக்குள் புகுந்து போய்ப் பாருங்கள். மரங்கள் நெருங்க நெருங்க வெளிச்சம் குறையும், இசை மாறும், அப்புறம் திடீரென்று கொரிய ஓட்டுக் கூரைகள் தெரியும். ராக்னராக் ஆன்லைனை 2002ல் கொரியாவின் க்ராவிட்டி நிறுவனம் வெளியிட்டது. அதன் ஊர்களில் அவர்கள் சொந்த மண்ணை அப்படியே வைத்திருப்பது பயானில்தான்.

இந்தியாவுக்கென்று தனி சர்வர் ஓடிய காலத்தில் கோபியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இந்த விளையாட்டைப் பழகியவன் நான். இப்போது நாங்கள் சேருவது பழைய விதிகளில் ஓடும் ஒரு வெளிநாட்டு சர்வரில். திருப்பூரிலிருந்து பெரியம்மா மகன் அண்ணன், வாளும் கேடயமுமாக. அவர் பக்கத்திலேயே இன்னொரு கம்ப்யூட்டரில் அண்ணி, வில்லோடு. கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து சித்தப்பா மகள், மந்திரக்காரி. கோபியிலிருந்து நான், காயம் ஆற்றும் ப்ரீஸ்ட். பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் இல்லாத சனிக்கிழமை ராத்திரியாகப் பார்த்து, போனில் நாலு பேரும் லைனில் இருந்துகொண்டு கிளம்பினோம்.

பயானுக்கு வடக்கே வில்லாளர் கிராமம். குகை வாசல் அங்கேதான். அண்ணி வில்லாளியாக மாறிய இடமும் அதுவே என்பதால் அவருக்கு அது பிறந்த வீடு. உள்ளே போகும் முன் அம்புகளைச் சரிபார்த்தார். செத்தவர்கள் உலவும் இடத்துக்குச் சாதாரண அம்பு எடுத்துப் போவது வீண். வெள்ளி அம்புக்குப் புனிதத் தன்மை உண்டு, நெருப்பு அம்பும் நன்றாக வேலை செய்யும். அண்ணி இரண்டும் கொண்டுவந்திருந்தார்.

மேல் தளத்தில் ஸோம்பிகளும் எலும்புக்கூடுகளும். ஸோம்பி மெதுவாக நகரும், விழுந்தால் அழுகிய நகத்தை விட்டுவிட்டுப் போகும். அண்ணன் ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டார். இந்தத் தளத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதிதாக வருகிறவர்கள் கை பழக நல்ல இடம்.

இறந்தவர்களோடு மோதுவதில் ஒரு சிக்கல் உண்டு. வெளியில் நாம் நம்பியிருக்கும் வித்தைகளில் பாதி இங்கே செல்லாது. அண்ணன் சீண்டி இழுக்கும் ப்ரவோக், செத்தவர்கள் மேல் ஏறாது. தங்கச்சி எதிரியை உறைய வைத்துவிட்டு நிதானமாக அடிக்கிறவள். இவர்கள் உறைய மாட்டார்கள். நெருப்புச் சுவர் எழுப்பினால் மற்ற மிருகங்கள் பின்னுக்குத் தள்ளப்படும். இவர்கள் எரிந்துகொண்டே அதற்குள் நடந்து வருவார்கள். அந்த நடையைப் பார்த்த பிறகுதான் இந்தக் குகை எப்படிப்பட்ட இடம் என்று எனக்கு உண்மையில் புரிந்தது. வலி என்கிற ஒன்றே அவர்களிடம் இல்லை.

அதற்குப் பதிலாக என் கைக்கு ஒரு பலம் வருகிறது. உயிருள்ளவரைக் குணமாக்கும் அதே ஹீல், செத்தவர் மேல் பட்டால் காயம். குணமாக்கும் அளவில் பாதி, அடியாக இறங்கும். ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு எதிரியைத் தொட வேண்டும். சாட்டில் நோஷிஃப்ட் கட்டளையை அடித்துவிட்டால் அதுவும் தேவையில்லை. அண்ணன் மேல் ஒன்று, அவரைக் கடிக்கிறவன் மேல் ஒன்று, மறுபடி அண்ணன் மேல் ஒன்று. பச்சை நிற எண்கள் ஒரு பக்கம் ஏறுகின்றன, வெள்ளை எண்கள் இன்னொரு பக்கம் தெறிக்கின்றன. ப்ரீஸ்ட் என்றால் பின்னால் நின்று மருந்து கொடுக்கிறவன் என்று நினைப்பவர்களை நான் இந்தக் குகைக்குத்தான் அழைத்துப் போவேன்.

அடுத்த தளத்தில் வில் பிடித்த எலும்புக்கூடுகள். கண்ணுக்கு எட்டாத தூரத்திலிருந்து அம்பு வரும். இங்கே ந்யூமா என்ற வித்தைதான் உயிர் காக்கும். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் ஒரு சின்ன மேகம், பத்து விநாடிதான், அதற்குள் எந்த அம்பும் தைக்காது. "ஏனுங்ணா, மேகத்த உட்டு வெளிய போகாதீங்க" என்று நான் போனில் கத்த, அண்ணி அதற்குள் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக விழுத்தினார். கீழே இறங்கும் வழி பக்கத்தில் நாலு பேரும் உட்கார்ந்து மந்திரம் போடச் செலவாகும் எஸ்பி மறுபடி ஏறும்வரை பேசிக்கொண்டிருந்தோம். உட்கார்ந்தால் சீக்கிரம் ஏறும் என்பது ஒரு காரணம். அண்ணன் டீ போட எழுந்து போயிருந்தது இன்னொன்று.

அதற்குக் கீழேதான் முனாக்கும் பாங்குனும். கறுப்புத் தொப்பி, நெற்றியிலிருந்து முகத்தின் மேல் தொங்கும் மந்திரச் சீட்டு, முன்னால் நீட்டிய கைகள். நடப்பதில்லை, குதித்துக் குதித்து வருவார்கள். துள்ளும் பிணங்களைப் பற்றிய சீனக் கதைகளிலிருந்து வந்த உருவம் இது. அந்தக் கதைகளில் பிணத்தை அடக்கி வைக்க நெற்றியில் சீட்டு ஒட்டுவார்கள். முனாக் பெண், பாங்குன் ஆண். இரண்டு பேரும் பார்த்தவுடன் பாய்கிறவர்கள். ஒரு திருப்பத்தில் நாலைந்து பேர் சேர்ந்து வந்துவிட்டார்கள். அண்ணன் தன்னைச் சுற்றி நெருப்பு வெடிக்கச் செய்து இரண்டைச் சாய்த்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சோஹி வந்தாள். கொரியப் பாவாடை கட்டிய ஆவிப் பெண். பார்த்தால் இவர்களோடு சேர்ந்தவள் போல இருப்பாள். ஆனால் விளையாட்டின் கணக்கில் அவள் செத்தவர்கள் வகையே இல்லை, நீர்த் தன்மை கொண்ட பேய். ஹீல் போட்டால் அவளுக்குக் குணமாகிவிடும். அவளுக்குத் தங்கச்சியின் மின்னல்தான் மருந்து. அதைத் தங்கச்சி போட்டு முடிப்பதற்குள் அண்ணன் விழுந்துவிட்டார்.

விழுந்தால் அடுத்த நிலைக்கு ஏறத் தேவையான அனுபவத்தில் நூற்றில் ஒரு பங்கு போகும். ஆனாலும் அண்ணன் ஊருக்குத் திரும்பும் பட்டனை அழுத்தவில்லை. "இருக்கறேன் தம்பி, எழுப்பு" என்றார். நீலக் கல் ஒன்றைச் செலவழித்து ரிசரெக்‌ஷன் போட்டேன். எழுந்தார். "படுகளம் எந்திரிச்சாச்சுங்" என்று அண்ணி சொன்னதும் போனில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

கொங்குநாட்டுக்காரர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் களத்தில் மாண்டு கிடக்க, தங்கை அருக்காணித் தங்காள் அழுது தேடி வந்து அவர்களை எழுப்புவாள். எழுந்தவர்கள் கொஞ்ச நேரம் அவளோடு பேசிவிட்டு, தங்கள் காலம் முடிந்தது என்று மறுபடி போய்விடுவார்கள். எங்கள் பக்கத்துக் கோயில்களில் உடுக்கடிப் பாட்டு உச்சத்துக்குப் போகும் ராத்திரியில் ஆட்கள் அப்படியே படுகளத்தில் சாய்ந்து கிடப்பதையும், தீர்த்தம் தெளித்து எழுப்புவதையும் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். சாய்ந்தவரின் அம்மா ஓரமாக நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்ப்பார். எழுப்புவது என்பது எங்களுக்கு லேசான விஷயம் அல்ல.

அதனால்தான் ரிசரெக்‌ஷனின் இன்னொரு குணம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அதே மந்திரத்தை முனாக் மேல் போட்டால் அவள் எழ மாட்டாள். ஏற்கெனவே எழுந்து நிற்கிறாளே. வாய்த்தால் ஒரே அடியில் போய்விடுவாள். நம்மவனை இந்தப் பக்கம் கூட்டிவரும் கை, அவளை அந்தப் பக்கம் அனுப்பி வைக்கிறது. இதை யோசித்து வைத்தவருக்கு என் வணக்கம்.

இந்தக் குகையை மற்றக் குகைகளை விட நான் உயர்வாக வைப்பதற்குக் காரணம், இங்கே செத்தவர்களுக்கு உறவு இருக்கிறது. முனாக்கும் பாங்குனும் விட்டுப் போவது ஒரு நினைவுப் பொருள். முனாக்கைச் செல்லப் பிராணியாக வசப்படுத்தத் தேவையான பொருளின் பெயர், பெறுநர் இல்லாத கடிதம். பாங்குனுக்குத் தேவையானது, அவளுடைய இதயம். சோஹிக்கு, கற்பைக் காக்கும் வெள்ளிக் கத்தி. ஜோசோன் காலத்துக் கொரியப் பெண்கள் உண்மையாகவே அப்படி ஒரு சிறு கத்தியைக் கூடவே வைத்திருந்தார்கள். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் ஈமக் குழிகளில் சூதுபவள மணிகள் கிடைத்தன. செத்தவரோடு பொருளை வைத்து அனுப்புகிறவர்கள் அவரை யாரோ ஒருவராக நினைத்துத்தான் வைக்கிறார்கள். பயான் குகையைச் செய்தவர்களும் அப்படி நினைத்திருக்கிறார்கள்.

கடைசித் தளத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒன்பது வால் நரிகள், கொரிய ஊர் எல்லைகளில் நடும் காவல் மரத்தின் உருவில் ஒரு எதிரி, எல்லாவற்றுக்கும் மேல் இந்தக் குகையின் தலைவியான மூன்லைட் ஃப்ளவர். எங்கள் நாலு பேர் பலத்துக்கு அவள் ஆகாது. தூரத்தில் மணியோடு அவள் வருவது தெரிந்ததும் பட்டாம்பூச்சிச் சிறகை உடைத்து எல்லோரும் பயானுக்குத் திரும்பிவிட்டோம்.

திரும்புவதற்கு முன்பே, முனாக் தளத்தில் தங்கச்சி ஒரு வேலை செய்திருந்தாள். ப்ரான்டெராவில் ஒரு வணிகரிடம் அந்தக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்திருக்கிறாள், எங்களிடம் சொல்லாமல். தனியாக நின்ற ஒரு முனாக்கிடம் அதை நீட்ட, வசப்பட்டுவிட்டது. இப்போது அவள் போகும் இடமெல்லாம் பின்னால் குதித்துக்கொண்டு வருகிறது. "அண்ணா, இவள மட்டும் கூட்டியாந்துட்டோமுங்களே, அவன் அங்கயே கெடக்கறானே" என்று அவள் கேட்டதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. அண்ணி உடனே சந்தையில் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார், பாங்குனுக்கான பொருள் யாரிடம் இருக்கிறது என்று. விலை அதிகம்தான். ஷிப்மென்ட் முடியட்டும், மறுபடி இறங்குகிறோம்.